காமிராவும் ஒரு கைத்தொழில்தான்



சென்ற ஆண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் முடிவதற்குள் மைத்துனரிடமிருந்து தொலைபேசி வந்தது. "அத்தான், நீங்க உடனே மல்காஜ்கிரிக்குப் புறப்பட்டு வரணும். பொண்ணு போட்டோகிராபிதான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. நீங்க இன்ஜினியர். நீங்க எடுத்துச் சொன்னா கேப்பா" என்றார். குரலில் அழுகை இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றவர்களுக்கு நம் குடும்பங்களில் இப்படிச் சில கௌரவப் பதவிகள் உண்டு. கல்யாணப் பேச்சு, பாகப் பிரிவினை, பிள்ளைகளின் படிப்பு என்று எதற்கும் நம்மைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்கார வைப்பார்கள். என்ன தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே காதில் போட்டுவிடுவார்கள். எனக்கும் அன்று அப்படித்தான் ஆயிற்று. பெண்ணின் மனத்தை மாற்றுவதற்காக அழைக்கப்பட்டவன் நான். போகும்போது என் எண்ணமும் அதுவாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் திருச்சியில் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் டிப்ளமோ படித்தவன். 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, மூன்று மண்டலங்களில் பணிமனைகளில் வேலை பார்த்து, 2018-ல் செகந்திராபாத்தில் ஓய்வு பெற்றேன். அந்த ஒரு டிப்ளமோ காகிதம்தான் என்னைக் காவிரிக் கரையிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது, சோறு போட்டது, மெட்டுகூடாவில் ஒரு வீடும் கட்டிக் கொடுத்தது. வெளி மாநிலத்துக்குப் பிழைக்க வந்த நம் எல்லோர் கதையும் ஏறக்குறைய இதுதான். நிலம் இல்லை, சிபாரிசு இல்லை, பாஷை தெரியாது. கையில் இருந்தது ஒரு சான்றிதழ். ஆகவே எந்தச் சான்றிதழ் நம்மைக் கரை சேர்த்ததோ அந்த ஜாதிச் சான்றிதழைத் தவிர வேறெதையும் பிள்ளைகள் கையில் பார்க்க நமக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அது அனுபவத்தில் வந்த பயம்.

மல்காஜ்கிரி வீட்டில் சபை கூடியிருந்தது. பெண் இன்டரில் எம்.பி.சி. எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தாள். ஆனால் யாரையும் கேட்காமல், மாசாப் டாங்க்கில் இருக்கும் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை மற்றும் நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷ பி.எப்.ஏ. புகைப்படப் படிப்புக்கும் விண்ணப்பம் போட்டிருந்தாள்.

பெற்றவர்களின் கட்சியை முதலில் கேட்டேன். மைத்துனர் வங்கியில் இருப்பவர், கணக்காகவே பேசினார். "இன்னிக்குக் காய்கறிக்காரன் கையிலயும் காமிரா போன் இருக்கு. போதாததுக்குக் கம்ப்யூட்டரே படம் வரைஞ்சு குடுத்துடுது. இதுக்கு நாலு வருஷம், காலேஜ் பீஸ், காமிராச் செலவு. முடிச்சுட்டு வந்தா யாரு சம்பளம் குடுப்பா?" என்றார். அவர் மனைவிக்குக் கவலை வேறு. "அண்ணா, பொம்பளைப் புள்ளை. கல்யாண மண்டபத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காமிராவைத் தூக்கிக்கிட்டு நிப்பாளா? கும்பகோணத்துல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார். கும்பகோணத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக ஊரை விட்டு வந்தும், நாம் ஊருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கும் முன் அந்தப் பெண் சமையலறைக்குப் போய் ஒரு பழைய பித்தளைத் தவலையைத் தூக்கி வந்து என் முன் வைத்தாள். "மாமா, இதுல என்ன எழுதியிருக்கு? படிங்க" என்றாள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன பாத்திரம். கழுத்துப் பக்கம் ஏதோ புள்ளிகள் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் படிக்க முடியவில்லை. அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டியூப் லைட்டை அணைத்தாள். கைபேசியின் விளக்கைப் பாத்திரத்தின் ஓரமாக, கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் பிடித்தாள். புள்ளிகள் எழுத்தாகக் கூடின. என் மாமியாரின் தாயார் பெயரும் அவர் பிறந்த ஊரின் பெயரும். "வெளிச்சம் நேரா அடிச்சா எதுவும் தெரியாது மாமா. சாய்வா வந்தா ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் நிழல் விழும்" என்றாள்.

மைத்துனர் வீட்டில் முப்பது வருஷமாக அரிசி போட்டு வைத்திருக்கும் தவலை அது. அதில் பெயர் இருப்பது யாருக்கும் தெரியாது. என் மனைவி அதைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு நினைவு வந்தது வேறு. அதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நியாயமாகாது.

1990-களின் தொடக்கத்தில் நான் ஒரு பணிமனையில் சார்ஜ்மேனாக இருந்தேன். பணிமனையின் பெயர் வேண்டாம். ஒரு பயணிகள் பெட்டியின் அடியில் சுமை தாங்கும் ஹேங்கர் ஒன்று ஓட்டத்தில் முறிந்துவிட்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை வந்தது. இரும்பு முறியும்போது அந்த முறிவு முகமே கதை சொல்லும். நாள்பட்ட விரிசல் என்றால் அந்தப் பகுதி வழவழப்பாக, கறுத்து, குளத்தங்கரையில் நீர் வற்றிய கோடுகள் போல வரிவரியாக இருக்கும். அப்போதுதான் முறிந்த பகுதி சொரசொரப்பாக, பளபளவென்று இருக்கும். இந்த ஹேங்கரில் பாதிக்கு மேல் பழைய விரிசல். என் கண்ணாலேயே பார்த்தேன். அதாவது அந்தப் பெட்டி கடைசியாகப் பழுது பார்க்கப்படும் முன்பே விரிசல் விட்டிருக்கிறது. அதை மாட்டிய பிட்டர் மேல் தப்பில்லை. முன்னதாகப் பரிசோதனை செய்து தேறியதாக முத்திரை குத்தியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

படம் எடுக்க வெளியிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை அழைத்தோம். சாயங்காலம், ஷிப்ட் முடியும் நேரம். அவர் நேரே நின்று பிளாஷ் அடித்து நான்கு படம் எடுத்துக்கொண்டு போனார். "சீக்கிரம் முடிங்க" என்று அவசரப்படுத்தியவன் நான்தான். கழுவி வந்த படங்களில் முறிவு முகம் முழுக்க ஒரே வெள்ளை. வரியும் இல்லை, கறுப்பும் இல்லை. அளவு காட்ட ஒரு ஸ்கேலைக்கூடப் பக்கத்தில் வைக்கத் தோன்றவில்லை. துண்டு இரும்போ, மழைக்காலத்தில் வெளியில் கிடந்து முழுக்கத் துரு ஏறிவிட்டது. விசாரணையில் நான் சொன்னது வெறும் வாய்வார்த்தையாகப் போயிற்று. படம் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டும்போது சுத்தியால் அடித்ததில் பழுது ஏற்பட்டிருக்கலாம் என்று எழுதி, பிட்டருக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்த மனிதர் அவர். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால் போதும். பதினெட்டு வயதுப் பெண் தவலையைக் காட்டிச் செய்ததை, முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் பணிமனையில் செய்ய யாருக்கும் தெரியவில்லை. 'போட்டோதானே, யார் எடுத்தால் என்ன' என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்தோம்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். புகைப்படம் ஒரு பொழுதுபோக்கு, அதற்கு ஒரு பட்டப்படிப்பா என்று கேட்பவர்கள் அதைத் தொழிலாகப் பார்க்கவில்லை. அது பிட்டர் வேலை, டர்னர் வேலை, கணக்கு எழுதும் வேலை போல ஒரு தொழில். தொழில் என்றால் அதற்கு அடிப்படை உண்டு, பயிற்சி உண்டு, தப்பாகச் செய்தால் யாரோ ஒருவருக்கு நஷ்டமும் உண்டு. பிள்ளை அதைப் படிக்கக் கேட்டால், எந்தத் தொழிலுக்கும் நாம் கேட்கும் கேள்விகளைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வோம். வெட்கப்பட்டுத் தடுக்க வேண்டாம்.

அன்று நானும் அந்தப் பெண்ணை ஒரு கேள்வி கேட்டேன், நம் புத்தி போகுமா? "காமிராவில் 2.8, 4, 5.6, 8 என்று எண்கள் இருக்கிறதே, இது என்ன கணக்கு?" என்றேன். "ஒவ்வொரு எண்ணையும் ரெண்டின் வர்க்கமூலத்தால பெருக்கினா அடுத்தது வரும் மாமா. துவாரத்தோட பரப்பு பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும்" என்றாள். விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்பதையும் அவளே சொன்னாள். எம்.பி.சி. வீணாகிவிட்டது என்று யார் சொன்னது?

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ராஜா தீன் தயாள் பெயரைச் செகந்திராபாத்தில் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1844-ல் மீரட் அருகே சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கியில் இன்று ஐ.ஐ.டி.யாக இருக்கும் அன்றைய தாம்சன் கல்லூரியில் பொறியியல் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அங்கே இருக்கும்போதுதான் காமிராவைக் கையில் எடுத்தார். பிறகு சர்க்கார் வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத் வந்து, ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் ஆனார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நடத்தினார். 1905-ல் காலமானார். அவருடைய 2,857 கண்ணாடி நெகடிவ்களை 1989-ல் டில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. 2006-ல் அவருக்குத் தபால் தலையும் வெளியாயிற்று. நிரந்தர சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு காமிராவோடு கிளம்பியபோது அவர் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்களோ!

என் மைத்துனர் மனைவிக்காக இன்னொன்றும் சொன்னேன். 1892-ல் இதே தீன் தயாள் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்று தனியாக ஒரு ஜனானா ஸ்டூடியோ தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் கொடுத்தார். கோஷா வழக்கம் கடுமையாக இருந்த காலம் அது. பிற்காலத்தில் ஹோமாய் வியாரவாலா என்ற பார்ஸிப் பெண்மணி வந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர், 1913-ல் பிறந்தவர். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். டில்லியில் நேருவையும் மவுண்ட்பேட்டனையும், புடவை கட்டிக்கொண்டு, கனத்த காமிராவைத் தூக்கிக்கொண்டு எடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். பெண் பிள்ளையால் முடியுமா என்ற கேள்விக்கு விடை வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரவில் பத்திரமாக வீடு திரும்புவது வேறு விஷயம். அது நர்ஸுக்கும் உண்டு, கம்ப்யூட்டர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும் உண்டு. அவர்களை நாம் வேலைக்கு அனுப்பாமலா இருக்கிறோம்?

இப்போது மைத்துனரின் கேள்விக்கு வருகிறேன். அது சாதாரணக் கேள்வியல்ல. எல்லோர் கையிலும் காமிரா இருக்கும்போது, இயந்திரமே படம் வரைந்து தரும்போது, இந்தத் தொழில் நிலைக்குமா?

கருவிகள் சாவதை ரயில்வேக்காரனைப் போல அருகில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீராவி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. 1995-ல் அகலப் பாதையில் அதன் ஓட்டம் முடிந்தது. பாய்லர் வேலை தெரிந்த என் நண்பர்கள் டீசலுக்கும் பிறகு மின்சாரத்துக்கும் மாறினார்கள். கற்றுக்கொண்ட வேலையின் சாரம் தெரிந்தவன் மாறினான், பழக்கத்தால் மட்டும் செய்தவன் திண்டாடினான். காமிரா உலகத்திலும் அதே கதைதான். 1975-ல் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தவர் கோடாக் கம்பெனியின் ஓர் இன்ஜினியர். ஒரு படம் கேஸட்டில் பதிய 23 வினாடி ஆகுமாம். அதே கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. நம் உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. 'இந்து' பிலிம் பெயர் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிலிம் போயிற்று, இருட்டறை போயிற்று. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்ற கேள்வி தீன் தயாள் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கல்லூரியில் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். பித்தானை அமுக்க யாரும் கற்றுத் தர வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வரையும் படத்தைப் பற்றியும் யோசித்தேன். விளம்பரத்துக்கும் அட்டைப் படத்துக்கும் அது போதும் என்று பலர் நினைக்கலாம். அந்த அளவில் இந்தத் தொழிலுக்கு அடி விழத்தான் செய்யும், ஒளிப்பானேன்? ஆனால் முறிந்த ஹேங்கரை அது எடுக்க முடியுமா? நடக்காத ஒன்றை அழகாக வரைந்து தருவது வேறு, நடந்ததை 'நான் பார்த்தேன்' என்று சாட்சி சொல்வது வேறு. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். 1984-ல் போபாலில் மண்ணுக்குள் போகும் பெயர் தெரியாத குழந்தையை ரகு ராய் எடுத்தார். அவரும் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தான். இவையெல்லாம் சாட்சிகள். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும், மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்க 63-ஆம் பிரிவின்படி சான்று கேட்கிறார்கள். பொய்ப் படம் பெருகப் பெருக, இந்தப் படத்தை நான் எடுத்தேன், இன்ன இடத்தில் எடுத்தேன் என்று கையெழுத்துப் போடக்கூடிய ஆளுக்கு வேலை இருக்கும் என்பது என் கருத்து.

வருமானத்தைப் பற்றிச் சர்க்கரை பூசிச் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்துக்கு இடங்கள் குறைவு. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், தடயவியல், பத்திரிகை, பொருள் விற்கும் கம்பெனிகள் என்று இருந்தாலும், பெரும்பாலோர் சொந்தமாகத்தான் பிழைக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் தூங்க நேரம் இருக்காது. நமக்கு ஆடி, இங்குள்ளவர்களுக்கு ஆஷாடம் வந்தால் கைபேசி மணியே அடிக்காது. இதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லியும் அவள் 'சரி' என்றால் அது வயசுக் கோளாறு அல்ல, முடிவு.

இப்படிக் கேட்கும் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்.

முதலாவது, படிப்பு பல்கலைக்கழகம் தரும் முறையான பட்டமா என்று பாருங்கள். பட்டம் என்றால், எந்தப் பட்டதாரியும் எழுதலாம் என்கிற பரீட்சைகளுக்கெல்லாம் பிற்பாடு வழி திறந்திருக்கும். "உன் பேங்க் பரீட்சையைக்கூட எழுதலாமப்பா" என்று மைத்துனரிடம் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார். வேறு பட்டம் முடித்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. டில்லி ஜாமியா மில்லியாவிலும் பட்டம் முடித்தவர்களுக்கான புகைப்படப் படிப்பு இருக்கிறது. நாலு வருஷம் இப்போதே வேண்டாம் என்பவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

இரண்டாவது, வெளி மாநிலத்தவர்களான நமக்கு மட்டுமே உள்ள சங்கடம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர் மாணவர் என்ற விதி உண்டு. நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், காகிதம் இல்லையென்றால் வெளியூர்க்காரர்தான். பள்ளிக்கூடப் படிப்புச் சான்றிதழ்களை வருஷ வாரியாகப் பத்திரப்படுத்துங்கள். விதிகள் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பை நீங்களே முழுக்கப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

மூன்றாவது, கல்லூரிக்கு ஒரு நடை போய்க் கடைசி வருஷ மாணவர்களின் வேலையைப் பாருங்கள். கண்காட்சி வைக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது. கட்டடத்தையும் கேன்டீனையும் பார்த்துவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை.

நான்காவது, சேர்ந்த அன்றே விலை உயர்ந்த காமிரா வாங்காதீர்கள். சுமாரான ஒரு காமிராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் முதல் வருஷத்துக்குப் போதும். எது தேவை என்று பிள்ளைக்கே தெரிய ஒரு வருஷமாவது ஆகும். கூடவே வரவு செலவு எழுதவும், ஒப்பந்தக் கடிதம் ஒன்று தெளிவாக எழுதவும் பழக்குங்கள். நல்ல படம் எடுக்கத் தெரிந்தும் பணம் கேட்டு வாங்கத் தெரியாமல் நொடித்துப் போனவர்கள் உண்டு.

கடைசியாக, 'ஒரு வருஷம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் நிறுத்திவிடுவோம்' என்று தினமும் தலைக்கு மேல் கத்தி தொங்க விடாதீர்கள். முதல் வருஷத்தில் எந்தத் தொழிலும் சரிப்பட்டு வராது.

இதற்கு வீட்டிலேயே உதாரணம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து மைத்துனர் மறுபடியும் தொலைபேசியில் வந்தார். "அத்தான், போட்டோகிராபிக்குப் பணம் கட்டியிருக்கேன். தினம் பானையும் பூசணிக்காயும் வரையச் சொல்றாங்களாம். காமிராவையே தொடலையாம்!" என்றார். நுண்கலைப் படிப்புகளில் முதல் வருஷம் பொதுவாக அப்படித்தான். வரைதல், வடிவமைப்பு, கலை வரலாறு என்று அடித்தளம் போடுவார்கள். நான் அவரிடம் என் பாலிடெக்னிக் முதல் வருஷத்தைச் சொன்னேன். பிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார்கள். மட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு மூலையில் வெளிச்சம் தெரியும், மறுபடியும் ராவு என்பார்கள். கை கொப்பளித்ததுதான் மிச்சம், ரயில் இன்ஜினை யாரும் கண்ணில் காட்டவில்லை. ஆனால் முப்பத்தேழு வருஷம் எனக்குச் சோறு போட்டது அந்தச் சதுரம்தான். "பானையை வரையட்டும், விடு" என்றேன்.

அவளுக்கு என்ன வருமானம் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு நம் தெருக்களில் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் யாரும் உறுதி சொல்லவில்லையே. அடுத்த தடவை எங்கேயாவது ஒரு இரும்பு முறிந்தால், ஒரு சுவர் விரிந்தால், ஒரு ஏழையின் பேரில் பழி வந்தால், அங்கே விளக்கைச் சாய்த்துப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் எனக்குச் சந்தோஷமே.

முடிக்கும் முன் நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. பொங்கல் விழாவில் பந்தல்காரருக்குக் கூலி உண்டு, மைக் செட்டுக்குக் கூலி உண்டு, நாதஸ்வரத்துக்குச் சன்மானம் உண்டு. படம் எடுக்க மட்டும் யாராவது ஒரு பையனைப் பிடித்து, "தம்பி, நாலு படம் எடுத்துடு, சாப்பிட்டுப் போ" என்கிறோம். தொழில் என்று நாமே மதிக்காமல், அதில் என்ன சம்பாத்தியம் என்று பெற்றவர்களைக் கேட்கும் யோக்கியதை நமக்கு ஏது? செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பொங்கல் வரவு செலவுத் திட்டத்தில் 'புகைப்படம்' என்று ஒரு வரி சேர்த்து, எதிரே ஒரு கௌரவமான தொகையை எழுதுங்கள். முதல் ஆண்டுத் தொகையில் பாதியை நான் தந்துவிடுகிறேன்.